எல்லோரும் போய்ச் சேரும் இடம்

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் இத்தாலி என்பது காலடியில் கிடக்கும் தரை. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் தேவகோட்டையிலும் உள்ள பெரிய வீடுகளின் முகப்பில் பதித்திருக்கும் சலவைக்கல் இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்தது என்றும், தூண்களின் தேக்கு பர்மாவிலிருந்து வந்தது என்றும், கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து வந்தது என்றும் சொல்லிக் கேட்டே நாங்கள் வளர்ந்தோம். வேனிற்காலப் பிற்பகலில் அந்தக் கல்லில் படுத்து உறங்கிய சிறுவனுக்கு இத்தாலி என்றால் குளிர்ச்சி என்பதற்கு மேல் வேறு பொருள் கிடையாது. அதனால்தான், மால்டோவா நாட்டில் லார்கா என்ற கிராமத்தின் மக்கள் அந்த இத்தாலிக்கு எப்படியாவது போய்விட வேண்டும் என்று சொத்தையும் மானத்தையும் சில வேளைகளில் உயிரையும் பணயம் வைக்கும் கதையைக் கையில் எடுத்தபோது, முதல் சில பக்கங்களுக்கு எனக்கு அது நெடுந்தொலைவில் நடக்கும் கதையாகவே தோன்றியது. இருபதாம் பக்கத்தைத் தாண்டுவதற்குள் அந்தத் தொலைவு கரைந்துவிட்டது.

நாவலை எழுதியவர் விளாதிமிர் லோர்ச்சென்கோவ். 1979இல் மால்டோவாவின் தலைநகரான கிஷினாவில் பிறந்தவர். ரஷ்ய மொழியில் எழுதுபவர். 2008இல் ரஷ்ய மொழியில் வெளியான இந்த நாவலை ராஸ் உஃப்பெர்க் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, நியூயார்க்கின் நியூ வெஸல் பிரஸ் 2014இல் ‘தி குட் லைஃப் எல்ஸ்வேர்’ என்ற தலைப்பில் வெளியிட்டது. ஏறத்தாழ 200 பக்கங்கள் கொண்ட சிறிய நூல். அத்தியாயங்கள் குறுகியவை, ஒரே இருப்பில் இரண்டு மூன்றைப் படித்துவிடலாம், ஆனால் அதற்கு மேல் ஒரே நாளில் படிக்க வேண்டாம் என்பது என் அனுபவம்.

மால்டோவாவைப் பற்றி ஓரிரு செய்திகள் தெரிந்திருந்தால் நாவல் இன்னும் நன்றாகப் பிடிபடும். ருமேனியாவுக்கும் உக்ரைனுக்கும் நடுவே, கடற்கரை இல்லாமல் அமைந்த சிறிய நாடு அது. 1991இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து பிரிந்து தனி நாடானது. கூட்டுப்பண்ணைகளும் தொழிற்சாலைகளும் நின்றுபோனபின், உழைக்கும் வயதினர் ரஷ்யாவுக்கும் இத்தாலிக்கும் கிளம்பினார்கள். இந்த நாவல் எழுதப்பட்ட ஆண்டுகளில், வெளிநாட்டிலிருந்து மக்கள் வீட்டுக்கு அனுப்பிய பணம் அந்நாட்டு மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குச் சமமாக இருந்தது. 2004 கணக்கெடுப்பில் 33 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 2024இல் 24 லட்சமாகக் குறைந்துவிட்டது. நமது சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரண்டு மாவட்டங்களின் மக்கள்தொகையைக் கூட்டினாலே 2011 கணக்குப்படி 29 லட்சத்தைத் தாண்டும். நம் இரண்டு மாவட்ட அளவுகூட இல்லாத ஒரு நாடு இருபதே ஆண்டுகளில் தன் மக்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிட்டது என்று எண்ணிப் பார்த்தால், லோர்ச்சென்கோவ் மிகையாக எழுதியிருக்கிறார் என்று சொல்ல நாக்கு எழாது.

நாவலின் தொடக்கமே ஓர் ஏமாற்று. லார்கா கிராமத்தார் ஆளுக்கு 4000 யூரோ கொடுத்து, ஆட்களைக் கடத்திச் செல்லும் தரகர்களிடம் தங்களை ஒப்படைக்கிறார்கள். நெடும் பயணத்துக்குப் பின் ஓரிடத்தில் இறக்கிவிட்டு, இதுதான் ரோம் நகரத்தின் எல்லை என்று சொல்லிவிட்டு வண்டி போய்விடுகிறது. உண்மையில் அவர்கள் நிற்பது தங்கள் நாட்டின் தலைநகரான கிஷினாவுக்கு வெளியே. தங்கள் தலைநகரையே அவர்களால் அடையாளம் காண முடியவில்லை என்பதில் ஆசிரியர் எத்தனையோ செய்திகளைச் சொல்லாமல் சொல்லிவிடுகிறார். விளக்கம் எதுவும் தருவதில்லை.

இந்தக் காட்சியை என்னால் சிரித்துக்கொண்டு படிக்க முடியவில்லை. என் அக்கா மகன் வெல்டிங் வேலை தெரிந்தவன். வளைகுடா நாடு ஒன்றில் வேலை என்று சொன்ன ஒரு தரகரிடம் இரண்டரை லட்சம் ரூபாயைக் கொடுத்துவிட்டு, பெட்டியோடு சென்னைக்குப் போனான். ஊரே வழியனுப்பியது. சென்னையில் ஒரு லாட்ஜில் பத்தொன்பது நாள்கள் காத்திருந்தான். விசா நாளைக்கு வந்துவிடும் என்ற ஒரே பதிலைத்தான் தினமும் கேட்டிருக்கிறான். பிறகு அந்தத் தரகரின் தொலைபேசி எடுக்கப்படவே இல்லை. அவன் கடைசிப் பேருந்தில் வந்து, நள்ளிரவுக்கு மேல் கொல்லைப்புறக் கதவைத் தட்டினான். “மாமா, யாருகிட்டயும் சொல்லிறாதீங்க. நான் அங்கதான் இருக்கேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கட்டும்” என்று அவன் சொன்னதை நான் மறக்கவில்லை. ஒரு மாதம் அவன் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, அரசிடம் பதிவு பெற்ற முகவர்தான் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கலாம். அந்தப் பதிவைச் சரிபார்க்க வேண்டும் என்பது அவனுக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. படித்தவன் என்று பெயரெடுத்த எனக்கும் அன்று தோன்றவில்லை.

இப்படிப்பட்ட ஒன்றை நகைச்சுவையாக எழுதலாமா என்ற கேள்வி எனக்குள் எழுந்தது நியாயம்தான். புத்தகத்தை முடித்தபோது, எழுதலாம் என்ற முடிவுக்கு வந்தேன். ஏனெனில் லோர்ச்சென்கோவ் ஏமாந்தவர்களை ஓரிடத்திலும் முட்டாள்களாகக் காட்டவில்லை. அவர்களின் ஆசை நியாயமானது என்பதை அவர் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறார். அந்த ஆசைக்கு நேர்வழி அடைபட்டபின் அவர்கள் தேடும் குறுக்குவழிகள்தான் ஒன்றைவிட ஒன்று விந்தையாகிக்கொண்டே போகின்றன. குறுக்குவழி எவ்வளவு விந்தையாக இருக்கிறதோ, நேர்வழி அவ்வளவு உறுதியாக அடைபட்டிருக்கிறது என்று வாசகருக்குப் புரிந்துவிடுகிறது. அங்கதம் இப்படித்தான் வேலை செய்ய வேண்டும்.

அந்தக் குறுக்குவழிகளில் இரண்டு என் மனத்தில் ஆழமாகப் பதிந்தன. ஒன்று, கர்லிங் விளையாட்டு. பனித்தரையில் ஒரு கனமான கருங்கல்லைச் சறுக்கவிட்டு, அதற்கு முன்னால் ஓடிக்கொண்டே துடைப்பம் போன்ற ஒன்றால் பனியைத் தேய்த்து வழி செய்துகொடுக்கும் விளையாட்டு அது. விளையாட்டு அணி என்ற பெயரில் போனால் எல்லைக் கதவு திறக்கும் என்று கேள்விப்பட்ட லார்கா மக்கள், தங்களுக்குச் சிறிதும் தொடர்பில்லாத அந்த விளையாட்டைக் கற்கத் தொடங்குகிறார்கள். நம் ஊரிலும் ‘விசிட்டிங்கில் போவது’ என்று ஒரு வழக்கு உண்டு. சுற்றிப் பார்க்கப் போகிறவனைப் போல உடுத்திக்கொண்டு, எந்தக் கோயில், எந்தக் கோபுரம் என்று மனப்பாடம் செய்துகொண்டு விமானம் ஏறும் இளைஞனை நான் அறிவேன். அதிகாரியின் முன்னால் வேறொருவனாக நிற்க வேண்டிய அந்தச் சில நிமிடங்களின் அவமானத்தை இந்த அத்தியாயங்கள் துல்லியமாகப் பிடித்திருக்கின்றன.

இன்னொன்று வசீலி லுங்குவின் டிராக்டர். நாவலின் உயிர் என்று நான் கருதுவது இந்தப் பகுதியைத்தான். வசீலி ஒரு மெக்கானிக். அவனுடைய நண்பன் செராஃபிம் பொத்தெஸாத்து இளமையிலிருந்தே இத்தாலியைக் கனவு கண்டுகொண்டிருப்பவன். தரைவழி அடைபட்டுப்போனதும், வசீலி தன் டிராக்டரை ஆகாயத்தில் பறக்கும்படி மாற்றி அமைக்கிறான். அது போதாதபோது நீரில் செல்லும்படி மாற்றுகிறான். இதை மாயக்கதை போல ஆசிரியர் எழுதவில்லை. ஒரு கைவினைஞன் தன் வேலையில் முழுகிக் கிடப்பதை எப்படி எழுத வேண்டுமோ அப்படி எழுதியிருக்கிறார். படித்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சை அடைப்பது என்னவென்றால், டிராக்டரைப் பறக்கவைக்கும் கை உள்ள ஒருவனுக்கு அவன் ஊரில் உழுவதற்கு நிலமும் இல்லை, பழுதுபார்ப்பதற்கு வேலையும் இல்லை என்பதுதான். அந்தக் கிராமத்தின் திறமை அத்தனையும் வெளியேறுவது என்ற ஒரே காரியத்தில் செலவாகிறது.

இதை நான் எங்கள் பக்கத்தில் நாள்தோறும் பார்க்கிறேன். சிங்கப்பூர்க் கட்டுமான வேலைக்கு வேண்டிய தேர்வில் தேறுவதை இங்கே ‘டெஸ்ட் அடிப்பது’ என்பார்கள். கம்பி கட்டுவதையும் குழாய் பொருத்துவதையும் அந்த ஒரு தேர்வுக்காக மாதக்கணக்கில் பழகி, பயிற்சி மையத்துக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டி, முதல் முறை தவறினால் மறுபடியும் கட்டி முயலும் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களுடைய கைநேர்த்தி உண்மையானது. ஊரில் ஒரு சுவர்கூட அதைக் கண்டதில்லை.

புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்த நாள்களில் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். இப்போது அவன் காரைக்குடியில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறான். கதையை அவனுக்குச் சொன்னேன். டிராக்டர் வரும் இடத்தில் அவன் சிரிக்கவில்லை. என்ஜின் எடை என்ன, இறக்கையை எதில் செய்தான் என்று கேட்டான். பிறகு, “அவங்க கடைசியில போய்ச் சேந்தாங்களா மாமா?” என்றான்.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் நாவலின் ரஷ்யத் தலைப்பு எனக்கு விளங்கியது. ‘ஃப்சே தாம் பூதெம்’ என்பது அந்தத் தலைப்பு. சொல்லுக்குச் சொல் பார்த்தால், ‘நாம் எல்லோரும் அங்கே இருப்போம்’ என்று பொருள். ஆனால் ரஷ்யர்கள் அதைச் சாவு வீட்டில் சொல்வார்கள்; என்றேனும் ஒருநாள் எல்லோரும் சாகத்தான் போகிறோம் என்பது அதன் உட்பொருள். இத்தாலியும் சாவும் ஒரே சொற்றொடரில் அடங்கியிருக்கின்றன. ஆங்கிலத் தலைப்பில் இந்த இரட்டைப் பொருள் போய்விட்டது. நல்வாழ்வு வேறெங்கோ இருக்கிறது என்ற பாதி மட்டும் நின்றிருக்கிறது. தமிழிலோ இது கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. ‘எல்லோரும் போய்ச் சேருவோம்’ என்று வைத்தால் போதும். சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தவனுக்கும் காலமாகிப் போய்ச் சேர்ந்தவருக்கும் நாம் ஒரே வினையைத்தான் பயன்படுத்துகிறோம். இந்த நாவலைத் தமிழில் கொண்டுவர வேண்டும் என்று நான் விரும்புவதற்கு முதல் காரணம் இதுதான். ஆங்கிலத்தைவிடத் தமிழில் இந்த நாவல் தன் மூலத்துக்கு அருகில் இருக்கும். ஆங்கில மொழிபெயர்ப்பு தெளிவாகவும் ஓட்டமாகவும் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நடுத்தர அளவு ஆங்கிலம் தெரிந்தவரும் தடையின்றிப் படிக்கலாம்.

நாவலில் பாயிஸி என்ற பாதிரியார் வருகிறார். அவருடைய மனைவி அவரை விட்டுவிட்டு, கடவுள் நம்பிக்கையில்லாத ஒரு கலைப்பொருள் வணிகரோடு போய்விடுகிறார். பின்னர் அந்தப் பாதிரியாரின் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் சிலுவைப் போருக்குக் கிளம்புவதைப் போல இத்தாலியை நோக்கிச் சாலையில் இறங்குகிறார்கள். சமய நம்பிக்கையைக் கையாளும் விதத்தில் சில இடங்கள் கடுமையானவை. அவை சிலருக்கு வலிக்கக்கூடும். எனக்கு அந்த ஊர்வலத்தைப் படிக்கையில், வழிபடும் பொருளாகவே ஒரு நாடு மாறிவிட்டால் அங்கே போகிறவர்கள் பக்தர்களாகத்தான் நடப்பார்கள் என்று தோன்றியது. அரசியல்வாதிகள் வரும் அத்தியாயங்கள் அத்தனை வலுவானவை அல்ல. அந்த வகைக் கிண்டலை வேறு பல இடங்களில் படித்திருக்கிறோம்.

செட்டிநாட்டு வாசகராக எனக்கு இந்த நாவலில் மிகவும் உறுத்திய இடம் வேறு. ‘திரைகடல் ஓடியும் திரவியம் தேடு’ என்ற ஔவையின் வரியைப் பள்ளிச் சுவரில் எழுதிவைத்த ஊர்கள் எங்களுடையவை. கடல் கடந்து போவதை இங்கே யாரும் குற்றமாகவோ துயரமாகவோ எண்ணியதில்லை. ஆனால் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், அதைக் ‘கொண்டு விற்கப் போவது’ என்றார்கள். பர்மாவிலோ மலாயாவிலோ உள்ள கடைக்கு மேலாளாகவோ அடுத்தாளாகவோ பெட்டியடிப் பையனாகவோ போகிறவருக்குச் சம்பளச் சீட்டு என்ற வேலை ஒப்பந்தம் உண்டு. பெரும்பாலும் மூன்று ஆண்டுக் கணக்கு. குடும்பத்துக்காகச் சம்பளத்தில் ஒரு பகுதியை முன்பணமாகத் தருவார்கள். அங்கே தங்குவதற்குக் கிட்டங்கி, கும்பிடுவதற்குத் தண்டாயுதபாணி கோயில், சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் 1859இலேயே எழுந்ததைப் போல. ரஜூலா போன்ற கப்பல்கள் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமாகப் போய்வந்துகொண்டிருந்தன. போகும் நாளிலேயே திரும்பும் நாளும் தெரியும். அந்த முறையிலும் கொடுமைகள் இருந்தன. பர்மிய விவசாயியின் நிலம் வட்டிக்கடையின் கைக்குப் போனது பெரிய கதை. 1930களின் பொருளாதார மந்தத்துக்குப் பின் கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செட்டியார்கள் கையில் இருந்தது என்பதையும், அது அங்கே எவ்வளவு கசப்பை விதைத்தது என்பதையும் மறைத்துவிட்டு நம் பெருமையை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

என் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, நகரத்தார் அல்லர். பர்மாவின் மோல்மேனில் ஒரு கிட்டங்கியில் சமையற்காரராக இருந்தார். அவருக்கும் அந்த மூன்று ஆண்டுக் கணக்குதான். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. 1942 ஜனவரி முடிவதற்குள் மோல்மேன் ஜப்பானியர் வசமானது. அந்த ஆண்டு பர்மாவிலிருந்து நடந்து வந்த லட்சக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். தாமு வழியாக மணிப்பூர் மலைகளைக் கடந்து திமாப்பூருக்கு வந்து ரயிலேறியதாகச் சொல்வார். கணக்கோடு போனவர்கள் கணக்கு முறிந்து திரும்பியது அப்போதுதான். 1964இல் பர்மிய அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியபோது எஞ்சியவர்களும் வந்தார்கள். காரைக்குடியில் பர்மா காலனி என்ற பெயர் இன்றும் இருக்கிறது.

லார்காவில் சம்பளச் சீட்டு இல்லை, திரும்பும் நாள் இல்லை, அங்கே காத்திருக்கும் கிட்டங்கி இல்லை. போவதற்கும் ஓடுவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான் என்று அந்த நாவலைப் படித்தபோது எனக்கு உறைத்தது. நம் பாட்டன்மார் ஊரில் வீடு கட்டுவதற்காகப் போனார்கள். அந்தச் சலவைக்கல் அதற்குச் சாட்சி. லார்காவின் மக்களுக்கு ஊரில் கட்டுவதற்கு எதுவும் இல்லை, விற்பதற்குத்தான் இருக்கிறது. இன்று நம் நிலை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில், பெரிய வீடுகளிலிருந்து பெயர்த்த கதவும் தூணும் விற்பனைக்கு அடுக்கியிருப்பதைப் பார்க்கும்போது, நாம் எந்தப் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறோம் என்ற கேள்வி எனக்குக் கவலை தருகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மால்டோவாக் குடிமக்கள் பயோமெட்ரிக் பாஸ்போர்ட் இருந்தால் விசா இல்லாமலே இத்தாலி உள்ளிட்ட, ஷெங்கன் என்ற பொது விசா முறையிலுள்ள ஐரோப்பிய நாடுகளுக்குக் குறுகிய காலம் போய்வரலாம் என்ற அனுமதி 2014 ஏப்ரல் 28 முதல் நடைமுறைக்கு வந்தது, அதாவது இந்த மொழிபெயர்ப்பு வெளியான அதே ஆண்டில். ஒரு கையெழுத்தில் திறந்துவிடக்கூடிய கதவுக்கு முன்னால்தான் அத்தனை பேரும் டிராக்டருக்கு இறக்கை கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

குறைகளும் உண்டு. நடுப்பகுதியில், ஒரு திட்டம் தோற்று அடுத்த திட்டம் தொடங்கும் வரிசை பழகிவிடுகிறது. இரண்டு மூன்று அத்தியாயங்களைக் குறைத்திருந்தால் நாவல் இன்னும் கூர்மையாக நின்றிருக்கும். சாவுகள் அடிக்கடி வருவதால், ஒரு கட்டத்துக்குப் பின் அடுத்த சாவு நம்மைத் தொடுவதில்லை. இவற்றைவிடப் பெரிய குறை பெண்களைப் பற்றியது. மால்டோவாவிலிருந்து இத்தாலிக்கு உண்மையில் போனவர்களில் மிகப் பலர் பெண்கள். முதியவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டி, இரவெல்லாம் விழித்திருந்து பார்த்துக்கொள்பவருக்கு இத்தாலியில் ‘பதாந்தே’ என்று பெயர். அந்தப் பெயரைச் சுமந்தவர்கள் மால்டோவா, உக்ரைன், ருமேனியா நாட்டுப் பெண்கள். நாவலிலோ பெண்கள் பெரும்பாலும் ஆண்களின் நினைவாகவும் வலியாகவும் வருகிறார்கள். விட்டுப் போன மனைவி, சொல்லாமல் போன மனைவி என்று கணவனின் பக்கத்திலிருந்தே எல்லாம் சொல்லப்படுகின்றன. பாதிரியாரின் மனைவி ஏன் போனாள் என்று அவள் வாயால் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது.

ஐயா மோல்மேனிலிருந்து எழுதிய கடிதங்கள் எங்கள் வீட்டில் ஒரு தகரப்பெட்டியில் இருக்கின்றன. மொத்தம் 31. மாடு கன்று போட்டதா, கண்மாயில் தண்ணீர் வந்ததா, தம்பி பள்ளிக்கூடம் போகிறானா என்று கேள்விகளாகவே எழுதியிருப்பார். அப்பத்தாவுக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் பதில் எழுதுவானாம். அந்தப் பதில்களை ஐயா கட்டிக் கிட்டங்கிப் பெட்டியில் வைத்திருந்தார். 1942இல் அவர் நடந்து வந்தபோது அந்தப் பெட்டியைத் தூக்கிவர முடியவில்லை.